செத்தவர் கட்டின ஊரு

வா வாத்தியார் தம்பி, இப்படித் திண்ணையில குந்து. ராணிப்பேட்டைக்கு வரலாறு எழுதி ஸ்கூல் ஆண்டு மலர்ல போடப்போறியாமே? ஊர் பொறந்த வருஷமே தப்புன்னு பெரிய வாத்தியார்கிட்ட சொல்லிட்டு வந்துட்டியாமே? நல்லாத்தான இருந்த, உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? சம்பளம் ஒழுங்காத்தான வருது?

எழுதி வச்சிருக்கறது இன்னா? 1771-ல ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான், செஞ்சி தேசிங்கு ராஜாவோட சம்சாரம் உடன்கட்டை ஏறினத நெனச்சு மனசு எளகி, பாலாத்து வடகரையில, ஆற்காட்டுக்கு எதிர்ல, ராணி பேருல ஒரு பேட்டைய வச்சாரு. எவ்ளோ அம்சமா கீது! ஆறு கீது, ராணி கீறாங்க, எதிரிக்கு மரியாதை பண்ற பெரிய மனுஷன் கீறாரு. ஒரே ஒரு கொறைதான். அந்த நவாபு 1732-லயே மவுத்தாயிட்டாரு. முப்பத்தொம்பது வருஷம் கழிச்சு கபர்லேர்ந்து எழுந்து வந்து, ஊருக்குப் பேர வச்சிட்டு, திரும்பப் போயி படுத்துக்கினாருன்னு நெனச்சிக்கோயேன். பாட்டன் பூட்டன் கதைங்கள்ல இதவிடப் பெரிசால்லாம் நம்பியிருக்கோம்.

நீ வுடமாட்ட. உங்கப்பனும் இப்படித்தான், ரேஷன் கடையில தராசப் பாத்துக்கினே நிப்பான்.

சரி, கணக்கப் போட்டுத்தான் பாப்போம். தேசிங்கோட அப்பன் சொரூப் சிங், புந்தேலா ராஜபுத்திரரு. 1700 வாக்குல முகலாய பாதுஷா செஞ்சிக் கோட்டைய அவர் பொறுப்புல வுட்டாரு. 1714-ல அவரு போயிட்டாரு, புள்ள வடக்கேர்ந்து வந்து உக்காந்தான். நவாபு கப்பப் பாக்கி கேட்டாரு. பாதுஷா எங்கப்பனுக்குக் கொடுத்த கோட்டைக்கு நீ யாரு கேக்கறதுன்னான் இளவட்டம். படை வந்துச்சு. அதே 1714 அக்டோபர்ல, கைப்புடி ஆளுங்கள வச்சிக்கினு நவாபு படைக்குள்ள குதிரைய வுட்டான், திரும்பல. முழுசா ஒரு வருஷங்கூட ஆளல தம்பி. செஞ்சிக் கோட்டையவே அவன்தான் கட்டினான்னு சத்தியம் பண்ற ஆளுங்க இந்தத் தெருவுலயே கீறாங்க. நாயக்கருங்க பெருசாக்கி, பீஜாப்பூர்காரன் புடிச்சி, 1677-ல சிவாஜி வாங்கி, முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் வருஷக்கணக்கா வெளியில காத்துக்கெடந்து 1698-ல உள்ள நொழைஞ்ச கோட்டை அது. எல்லாத்தையும் ஒரு பையன் சில மாசத்துல முடிச்சிட்டான்னா, நம்ம ஊர் மேம்பாலம் கட்றவங்க அவன்கிட்ட போயி பாடம் கேக்கணும்.

இன்னும் ஒரு அளவுகோல் வச்சிக்கோ. ஆத்துக்கு அந்தாண்ட டில்லி கேட் நிக்குதே, அங்க கிளைவு துரை வந்து ஆற்காட்டைப் புடிச்சது 1751. அப்பவே சாதத்துல்லா கான் போயிச் சேந்து பத்தொம்பது வருஷம். 1771-ல நவாபா இருந்தது முகமது அலி வாலாஜா. பக்கத்துல வாலாஜாபேட்டை யார் பேருலன்னு நெனச்ச?

அப்ப 1771 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கற. 1717-ன்னு எவனோ எழுதியிருப்பான், கடைசி ரெண்டு எண்ணு எடம் மாறிப்போயிருக்கும்னு எனக்கு ஒரு ஊகம். கண்ணு மின்னுது பாரு உனக்கு! பேனாவ எடுக்காத. அது நான் திண்ணையில குந்திக்கினு சொல்றது. ஊகத்த எடுத்து மலர்ல 1717-ன்னு போட்டியானா, சொத்தைப் பல்லப் புடுங்கிட்டு அந்த எடத்துல இன்னொரு சொத்தைய நட்ட மாதிரி. உன்னப் பாத்து நாலு கைடு புக்கு காப்பியடிக்கும். பரீட்சையில ஒரு மார்க்கு கேள்வியா வரும். சரியா யோசிச்சு எழுதின புள்ளைக்கு முட்டை வுழும்.

அதுவுமில்லாம, வருஷத்த மாத்தினா விழா கமிட்டிக்காரங்க உன்ன சும்மா வுடுவாங்களா? 1771-ன்னா 2021-ல இருநூத்தி அம்பதாம் ஆண்டு. கொரோனா வந்து வசூல கெடுத்துச்சு. 1717-ன்னா முந்நூறாவது ஆண்டு 2017-லயே போச்சு. ரெண்டு சாப்பாட்டப் பறிகொடுத்தவங்க முன்னாடி போயி, ஐயா வருஷமே நிச்சயமில்லன்னு நிக்கப்போற. துணைக்கு நான் வரமாட்டேன், முட்டி வலி.

போறதுன்னு முடிவு பண்ணிட்டன்னா கேட்டுக்கோ. யார்கிட்டயும் ‘தப்பு’ன்னு சொல்லாத, ‘அச்சுப்பிழை’ன்னு சொல்லு. பழி எப்பவோ செத்துப்போன அச்சாபீஸ்காரன் மேல வுழும், உயிரோட கீறவன் எவனுக்கும் ரோசம் வராது. அப்புறம், வரலாத்தத் திருத்தறான்னு தெரிஞ்சதும் வூட்டு வாசல்ல கூட்டம் நிக்கும். எங்க கொள்ளுத்தாத்தாதான் தேசிங்கு குதிரைக்கு லாடம் அடிச்சாரு, அதையும் சேத்துக்கோன்னு ஒருத்தன் வருவான். பத்திரம் இருக்காய்யான்னு கேளு. இல்லன்னா டீ கொடுத்து அனுப்பு.

கூத்துக்காரங்ககிட்ட மட்டும் வாயத் தொறக்காத. வுடிய வுடிய தேசிங்கு வேஷம் கட்டி ஆடறவன நிறுத்தி, ஐயா நீங்க ஆண்டது எத்தன மாசம்னு கேக்கறவன் மனுஷனே இல்ல. பாட்டு அவங்களது. போர்டும் புக்கும்தான் உன் பாடு.

சந்தேகம் வந்தா என்னைக் கேக்காத. செஞ்சியப் பத்தி சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-ல போட்ட புத்தகம் கீது. இங்கிலீசுதான், உனக்குத்தான் வருமே. படிச்சிட்டு, 1771 ஏன் ஆகாதுங்கறதையும் கீழ எழுது. பழைய வருஷத்த அழிச்சிட்டு சும்மா வுட்டா, பத்து வருஷம் கழிச்சு உன்னாட்டமே ஒரு சுறுசுறுப்பான வாத்தியார் வருவான். பழைய மலரப் பாத்துட்டு, நீ பண்ணதுதான் பிழைன்னு சொல்லி 1771-அ திரும்பக் கொண்டாந்து வைப்பான். அவனும் உன்ன அச்சுப்பிழைன்னுதான் சொல்லுவான்.

மலர்ல போடறதுக்கு ரெண்டு வரி போதும். தேசிங்கு செத்தது 1714, சாதத்துல்லா கான் செத்தது 1732. ராணிக்காக அந்த நவாபுதான் பேர் வச்சாருங்கற கதை மெய்யின்னா, ஊரு அந்தப் பதினெட்டு வருஷத்துக்குள்ளதான் பொறந்திருக்கணும். அந்த ரெண்டு வரிய எவன் சொன்னாலும் எடுக்காத. மிச்ச எடத்துல தலைவர் போட்டோவ எவ்ளோ பெருசா கேக்கறாங்களோ அவ்ளோ பெருசா போட்டுக்கோ.