ஆமைக்குக் காவல் போன இன்ஜினியர்

பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கம், ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இவரைப் பார்க்கலாம். வயது இருபத்தாறு. படித்தது மெக்கானிக்கல், செய்வது யாரோ ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் சாஃப்ட்வேருக்கு டெஸ்டிங். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை நாள் திரை போட்டு மூடியிருந்த அந்த ஜன்னலை, அப்ரைசலில் எதிர்பார்த்த உயர்வு வராத மதியத்தில்தான் முதல்முறையாகத் திறந்து பார்க்கிறார். பூநாரைகள் நிற்கின்றன. அவற்றுக்கு மேனேஜர் கிடையாது. பிடித்துவிட்டது.

சின்ன வயதிலிருந்தே இயற்கையின்மேல் ஈடுபாடு என்று விண்ணப்பங்களில் எழுதுவார். சின்ன வயதில் அவர் ஐ.ஐ.டி. கோச்சிங்கில் இருந்தார்.

முதல் அறிகுறி குளியலறையில் தெரியும். மூங்கில் டூத்பிரஷ் ஆன்லைனில் வந்து இறங்கும், அட்டைப் பெட்டி, குமிழ் உறை, நான்கு முழம் டேப் சகிதமாக. அடுத்தது சமையலறை. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் வழக்கம் அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. அதற்கு ‘சர்க்குலர் எகானமி’ என்று பெயர் என்பதை அம்மாவுக்கே வகுப்பெடுப்பார். அம்மா கவரைக் கழுவிக்கொண்டே கேட்பார். இவர் அருகில் நின்று விளக்குவாரே ஒழிய, ஒரு கவரைக்கூடக் கையில் வாங்கமாட்டார்.

பிறகு ஆமை நடை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் வேலையை 1988 முதல் மாணவர்கள் செய்துவருகிறார்கள். சம்பளமும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஓர் ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். நம்மவர் போனார், கண்கலங்கினார், செல்ஃபி எடுத்தார். அடுத்த வாரம் போகவில்லை. பெசன்ட் நகருக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் செய்வது எப்படிச் சர்வதேசத் தொண்டாகும்?

ஆகவே கோஸ்டா ரிக்கா. அந்த நாட்டின் பசிபிக் கரையில் ஓஸ்தியோனால் என்றொரு ஊர். மழைக்காலத்தில், தேய்பிறையை ஒட்டிய இரவுகளில், ஆமைகள் ஆயிரக்கணக்கில் கரையேறி முட்டையிடும் இடம். எந்த ஆமை? அதே பங்குனி ஆமை. அதைக் காக்க இரண்டு விமானம் மாறிப் போக வேண்டும். தங்கவும் சாப்பிடவும் நாமே டாலரில் கட்ட வேண்டும்.

“காலேஜ் சீட்டுக்கும் காசு கொடுத்தோம். இப்ப வேலை பார்க்கவும் காசு கொடுக்கணுமாடா?” என்றார் அப்பா.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாது அவற்றால். நம்மவர் அந்த மாதம் முழுக்கக் கோஸ்டா ரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். இந்த ஜாதிப் பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் வரும் ஒரே இடம் இது. மற்றபடி நல்ல பிள்ளைகள்.

பையன் கிளம்பிப் போனதை அம்மா மட்டும் சமாளித்துவிட்டார். “பையன் ஃபாரின்ல இருக்கான், மரைன் ப்ராஜெக்ட்” என்று தரகரிடம் சொல்ல, ஒரே வாரத்தில் ஏழு ஜாதகம் வந்தது.

ஓஸ்தியோனால் போனவருக்கு முதல் நாளே அதிர்ச்சி. ஊர்க்காரர்கள் சாக்குப் பையோடு வந்து முட்டைகளை அள்ளுகிறார்கள். இவர் விசில் ஊதி ஓடினார். ஒருவரும் நிற்கவில்லை. 1980களிலிருந்து அங்கே அது சட்டப்படி நடக்கிற அறுவடை. முதலில் வந்த ஆமையின் குழியைப் பின்னால் வருகிற ஆமையே தோண்டி நாசமாக்கிவிடும் என்பதால், ஆரம்ப நாள் முட்டைகளை ஊர் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஊரே கரையைச் சுத்தம் செய்து காவல் காக்கும். நம்மூரில் கையை வைத்தால் வனவிலங்குச் சட்டம். அங்கே ஒரு பாட்டி அந்த முட்டையையே உடைத்து இவருக்கு ஒரு டம்ளரில் நீட்டினார். இவர் சைவம். அந்த ஒரு காரணத்தை மட்டும் ஸ்பானிஷில் சொல்லத் தெரியாமல் தவித்தார்.

திரும்பி வந்தபின் மனிதர் கொஞ்சம் உருப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். மறந்துபோயிருந்த மெக்கானிக்கல் கை கொடுத்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பொரிப்பகத்தில் பதிக்க, வெப்பத்தைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி ஒன்றை வீட்டு மொட்டை மாடியிலேயே உருவாக்கத் தொடங்கினார்.

“எதுக்குடா இது?” என்றார் தாத்தா.

“குஞ்சு வெளியில வர்றதுக்கு முன்னாடியே ஆணா பெண்ணான்னு கணிச்சிடலாம் தாத்தா.”

தாத்தா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மொட்டை மாடிக் கதவைச் சாத்தினார். “முன்கூட்டியே சொல்றது குத்தம்டா. ஸ்கேன் சென்டர் வாசல்லயே போர்டு வச்சிருக்கான்.”