லெட்டர்பேடில் ராகிங்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ராகிங் குறைந்துவிட்டது என்கிறார்கள். நம்பலாம். சீனியர்களுக்கு இப்போது அந்த வேலை இல்லை. பொறுப்பை நிர்வாகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அழைப்பிதழ் அடித்து, வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, தமிழ்த்தாய் வாழ்த்தோடு ஆரம்பிக்கிறார்கள். பெயர் மட்டும் வேறு. ஓரியன்டேஷன் வாரம்.

காகிதத்தில் இது நல்ல யோசனைதான். பன்னிரண்டாம் வகுப்புவரை மார்க், மார்க் என்று பிழியப்பட்டு வரும் பிள்ளை கொஞ்சம் மூச்சு விடட்டும். பாட்டு, ஓவியம், விளையாட்டு, அக்கம்பக்கத்து ஊர்களைப் பார்ப்பது என்று மனசு திறக்கட்டும். பாடத்தை அப்புறம் நடத்தலாம். இப்படி யோசித்து 2017-ல் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்று வாரம். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டி. 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் பங்குக்கு ‘தீக்ஷாரம்ப்’ என்று பெயர் சூட்டி மற்ற பட்டப்படிப்புகளுக்கும் அதை விரித்தது. டெல்லியில் உட்கார்ந்து இதை எழுதியவர்களுக்கு நம்மூர் கரெஸ்பாண்டன்ட்களைத் தெரியாது. பாவம்.

டெல்லியில் கிளம்பிய மூன்று வாரம் பைபாஸ் ரோட்டில் இருக்கும் கல்லூரிக்கு வந்து சேரும்போது ஐந்து நாளாகிவிடுகிறது. அந்த ஐந்தில் முதல் நாள் முழுக்கப் பேரன்ட்ஸுக்கு. அதாவது, பேரன்ட்ஸின் பர்ஸுக்கு.

பத்து மணி விழாவுக்கு எட்டரைக்கே உட்காரவைத்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருவார். அதுவரை மேடையில் உள்ளவர்களை அறிமுகம் செய்வார்கள். சேர்மன். சேர்மனின் மனைவி செயலாளர். மகன் வைஸ் சேர்மன். மருமகள் அகாடமிக் டைரக்டர். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரெல்லாம் மேடையில் இருக்கும். ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு நினைவுப் பரிசு. பெயர் கல்வி அறக்கட்டளை. அறம் எங்கே என்று கேட்காதீர்கள். கட்டளை நிறைய உண்டு.

பிறகு பிளேஸ்மென்ட் படம் ஓடும். நூறு சதவீதம். பின்னணியில் டிரம்ஸ். எதில் நூறு என்று எந்த அப்பாவும் கேட்பதில்லை. மைக் அந்தப் பக்கம் வருவதே இல்லை. கணக்கு சுலபம். அரியர் வைத்தவனைக் கழி. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனைக் கழி. எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவனையும் கழி. மிச்சம் இருப்பவர்கள் ‘தகுதி உள்ளவர்கள்’. அதில் கெட்டிக்காரப் பெண் ஒருத்திக்கு நாலு கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அது நாலு வேலை. இப்படிக் கூட்டினால் நூறு என்ன, நூற்றிருபதுகூட வரும். அடக்கத்தினால் நூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்து ஆசிரியர் அறிமுகம். இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 2024-ல் ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், பலர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்கள் என்று கணக்கில் இருந்தார்கள். முருகன்கூட உலகைச் சுற்ற மயில் வைத்திருந்தார். இவர்களுக்கு ஆதார் கார்டு போதும். அதனால்தான் அறிமுகத்தில் எழுந்து கும்பிடும் முகங்களைப் பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபடி பார்க்கும் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

உண்மையிலேயே அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் நின்று டோக்கன் கொடுப்பவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர், சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணுபவர், இவர்கள்தான் அந்த அசிஸ்டன்ட் புரொஃபசர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள். மே மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து அட்மிஷனுக்கு ஆள் பிடித்தவர்கள். டார்கெட் எட்டாதவருக்குச் சம்பளம் நிற்கும். எட்டியவருக்கும் எப்போது வரும் என்று தெரியாது. அவர்களிடம்தான் நம் பிள்ளைகள் தன்னம்பிக்கை கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆடிட்டோரியத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு ஓரியன்டேஷன் நடக்கும். அது கேஷ் கவுன்டர். கவுன்சலிங்கில் வந்த பிள்ளைக்கு, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு, ஆண்டுக் கல்விக் கட்டணம் 55,000 ரூபாய் என்று 2017-ல் அரசின் கமிட்டி நிர்ணயித்தது. அந்த 55,000-க்கு ரசீது உண்டு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறு ரகம். பிளேஸ்மென்ட் டிரெய்னிங். யூனிஃபார்ம். ஸ்மார்ட் கிளாஸ். அசோசியேஷன். இதர. இந்த ‘இதர’ இருக்கிறதே, அதுதான் அந்தக் கல்லூரியில் ஒழுங்காக நடக்கும் ஒரே டிபார்ட்மென்ட். நன்கொடை வாங்கக் கூடாது என்று 1992-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. நன்கொடை என்று யாரும் வாங்குவதில்லை என்பதும் உண்மைதான். ‘இதர’ என்றுதான் வாங்குகிறார்கள்.

பணம் கட்டியாயிற்றா? சர்டிஃபிகேட்டைக் கொடு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். சரிபார்த்த கையோடு மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-ல் யுஜிசி அறிவிக்கை வெளியிட்டது. ஆபீஸ் கிளார்க் அதைப் படித்திருக்கிறார். ‘பிடித்து வைக்கலை சார், பத்திரமா வெச்சிருக்கோம்’ என்கிறார். பிள்ளைக்கு இடம் பிடிக்காமல் வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால், மிச்ச மூன்று வருட ஃபீஸையும் கட்டிவிட்டு அந்தப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம். அடகுக் கடையில்கூட வட்டி விகிதத்தைப் போர்டில் எழுதி வைப்பார்கள்.

இரண்டாம் நாள் கண்ணீர்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று ஒரு சாதி உருவாகியிருக்கிறது. கோட்டு, காதோரம் மைக், காசுக்கு ஏற்ற உருக்கம். ஆடிட்டோரிய விளக்கை அணைக்கச் சொல்வார். புல்லாங்குழல் ஒலிக்கும். ‘கண்ணை மூடுங்க. உங்க அப்பாவோட செருப்பை நினைச்சுப் பாருங்க. அது எந்த இடத்துல தேஞ்சிருக்கு?’ முதல் வரிசையில் ஒரு பெண் விசும்புவாள். அது பரவும். பதினேழு வயசுப் பிள்ளைகள் அறுநூறு பேர் இருட்டில் குலுங்கிக் குலுங்கி அழுவார்கள். வீடியோகிராஃபர் ஒவ்வொரு முகமாக லைட் அடித்துப் பிடிப்பார். சேனலில் போட வேண்டுமே. அந்தச் செருப்பு தேய்ந்தது பக்கத்துக் கட்டடத்தில் ‘இதர’ கவுன்டர் வாசலில் என்பதை மட்டும் பேச்சாளர் சொல்ல மாட்டார். அவருடைய ஃபீஸும் அந்த ‘இதர’விலிருந்துதான் போகிறது.

அழுது முடித்த கையோடு ஒழுக்கம்.

டிசிப்ளின் கமிட்டி என்று நாலு பேர் மேடை ஏறுவார்கள். தாடி கூடாது. பேன்ட் டைட்டாக இருக்கக் கூடாது. சட்டையை இன் பண்ணு. பெண்கள் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும், தலையைப் பின்னி வர வேண்டும். பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. கேன்டீனில் நடுவே தடுப்பு. போன் பிடிபட்டால் ஃபைன், ஐடி கார்டு மறந்தால் ஃபைன், ஃபைனைப் பற்றிக் கேட்டால் ஃபைன். மேடைக்குப் பின்னால் முப்பது அடி பேனரில் ‘இன்னோவேஷன், லீடர்ஷிப், குளோபல் எக்ஸ்போஷர்’ என்று எழுதியிருக்கும். படிக்கட்டில் எதிரே வரும் சக மாணவியிடம் ‘என்ன பாடம்’ என்று கேட்கக் கூடாதவன் கலிஃபோர்னியாவில் டீமை நடத்தப் போகிறான்.

தாடியோடு வந்த பையன் ஒருவனை எழுப்புவார்கள். அவன் அப்பா ஓட்டும் ஆட்டோவைப் பற்றி, அவன் படித்த பள்ளியைப் பற்றி, அவன் இங்கிலீஷைப் பற்றி நாலு ஜோக். கூட்டம் சிரிக்கும். சிரிக்காவிட்டால் அடுத்து அவர்களை எழுப்புவார்கள் என்று தெரிந்து சிரிக்கும்.

மூன்றாம் நாள் ராகிங் தடுப்புக் கருத்தரங்கம்! இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. இன்ஸ்பெக்டர் வருவார். 1996-ல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைச் சொல்வார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் கொடுமைக்குப் பிறகு 1997-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். 2009-ல் யுஜிசியின் விதிகள் வந்தன. அவற்றின்படி மாணவரும் பெற்றோரும் ராகிங் செய்யமாட்டோம் என்று உறுதிமொழி தர வேண்டும். இந்த வாரம்தான் உள்ளே நுழைந்த பிள்ளை, யாரைப் பார்த்தாலும் ‘குட் மார்னிங் சார்’ சொல்லும் பிள்ளை, கையெழுத்துப் போடுகிறது.

சேர்மன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அந்த 1997 சட்டத்தில் ராகிங் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவை எல்லாப் பெற்றோரும் ஒருமுறை படிக்க வேண்டும். மாணவருக்கு அச்சமோ வெட்கமோ அவமானமோ உண்டாக்கும் எந்தச் செயலும் ராகிங். மனரீதியான பாதிப்பும் அதில் சேரும். கேலி செய்வது, ஏசுவது சேரும். வழக்கமாக அவர் விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் சேரும். கூச்சலும் ஒழுங்கீனமும்கூட உண்டு. டிரம்ஸ் ஞாபகம் வரலாம். இதையெல்லாம் சீனியர் செய்தால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. யாரிடம் செய்தால் என்றுதான் இருக்கிறது. யார் செய்தால் என்று இல்லை. இன்ஸ்பெக்டர் அந்தப் பிரிவை வாசிக்கும்போது மேடையில் இருப்பவர்கள் தலையை ஆட்டி ஆமோதிப்பார்கள். டிசிப்ளின் கமிட்டித் தலைவர் கை தட்டுவார்.

எல்லாக் கல்லூரியும் இப்படியா? இல்லை. ஒழுங்காக மூன்று வாரமும் நடத்துகிற இடங்கள் உண்டு. இதைப் படித்து அந்தக் கல்லூரிக்காரர்கள் கோபப்படப் போவதில்லை. கோபப்படுகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

நாலாம் நாள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேச வர வேண்டியவர் வரவில்லை. பிள்ளைகள் அறுநூறு பேரும் மாலைவரை ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அட்டவணையில் அது ‘தியானம்’.

கடைசி நாள் படம் பிடிக்கும் நாள். வாரம் முழுக்க நடந்தது இதற்காகத்தான். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் கேட்டால் ஆதாரம் வேண்டும். இடம், தேதி, நேரம் எல்லாம் மூலையில் தெரிகிற ஜியோ டேக் படம் வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் ஒரு குழி, ஒரு வேப்பங்கன்று. சிஎஸ்இ ஏ செக்‌ஷன் வந்து நிற்கும். கன்றை நடுவார்கள், படம் எடுப்பார்கள், கன்றைப் பிடுங்குவார்கள். பி செக்‌ஷன் வரும். அப்புறம் ஈசிஇ. அப்புறம் மெக்கானிக்கல். மெக்கானிக்கலில் பதினொரு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். கூட்டம் காட்ட சிஎஸ்இயிலிருந்து இருபது பேரைத் திரும்ப அனுப்புவார்கள். ‘கொஞ்சம் சிரிங்க தம்பி, ஃபைலுக்கு.’ சாயங்காலத்துக்குள் ஃபைலில் ஒரு காடு வளர்ந்துவிடும். கன்று செத்துவிடும்.

அந்த ஃபைலைப் பார்த்து மதிப்பிடுகிறவர்களின் யோக்கியதையும் நாடறிந்ததுதான். ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் தர லஞ்சம் வாங்கியதாக 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. ரொக்கம், லேப்டாப், ஐபோன், தங்கம் எல்லாம் சிக்கியதாகச் செய்தி. இதில் நமக்கு ஒரே வருத்தம். கொடுப்பவர்கள் அவ்வளவு செலவு செய்யத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அந்தக் குழந்தைகளை ஏன் வெயிலில் நிறுத்தினார்கள்?

மாலையில் கூகுள் ஃபார்ம். ‘இந்த வாரம் உங்களுக்கு எப்படி இருந்தது?’ பத்துக் கேள்வி. ‘எல்லாத்துக்கும் எக்ஸலன்ட் போடுங்க, போட்டாத்தான் அட்டென்டன்ஸ்’ என்று மைக்கில் அறிவிப்பு. அதற்காக, பறித்து வைத்த போனை ஐந்து நிமிஷம் திருப்பித் தந்தார்கள். வாழ்க்கையில் முதல் ஃபீட்பேக்கைப் பொய்யாக எழுதப் பிள்ளை கற்றுக்கொண்டது. போன் மறுபடியும் லாக்கருக்குப் போனது.

வெளியே வரும் வழியில், சுவரில் பெரிய எழுத்தில் யுஜிசி ராகிங் ஹெல்ப்லைன்: 1800-180-5522. இருபத்துநாலு மணி நேரமும் அழைக்கலாம். அழைக்க போன் வேண்டும். போன் வேண்டுமென்றால் டிசிப்ளின் கமிட்டிக்கு மனு எழுத வேண்டும், யாரைக் கூப்பிடப் போகிறாய் என்ற காரணத்தோடு. எதற்கு அவ்வளவு தூரம், நேரே ராகிங் தடுப்புக் கமிட்டியிடமே சொல்லலாமே என்றால் அதுவும் விதியில் இருக்கிறது. கல்லூரித் தலைவர்தான் அதற்கும் தலைவர். அதாவது பிரின்சிபால். முன்தினம் ஃபைன் சீட்டில் கையெழுத்துப் போட்டவர். புகார்ப் படிவம் ஆபீசில் கிடைக்கும். பத்து ரூபாய். ரசீதில் ‘இதர’ என்று இருக்கும்.