காத்திருத்தலுக்கும் ஒரு பட்டயம்

பெறுநர்: அருவப் பண்பாட்டு மரபுகளைக் காக்கும் குழு, யுனெஸ்கோ தலைமையகம், பாரிஸ்.

பெருமதிப்புக்குரிய குழுவினருக்கு,

பலெர்மோவிலிருந்து வணக்கம். 2014 நவம்பரில் பாரிசில் கூடியபோது பந்தெல்லேரியாத் தீவின் திராட்சைக் கொடி வளர்ப்பை உங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள். நல்ல தீர்ப்பு, கொடிக்கு என் வாழ்த்து. ஆனால் அந்தக் கொடி நிற்கிற தீவுக்குப் போய்ச் சேரும் கலை அதைவிடக் கடினமானது. அதைப் பட்டியலில் காணோம். அதற்காகவே இந்த விண்ணப்பம். மரபின் பெயர்: துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருத்தல்.

தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது, நாடுகள்தான் அனுப்ப வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். இத்தாலி, இலங்கை, இந்தியா மூன்றுமே உங்கள் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்றவை. மூன்றுமே இந்த மரபை அரும்பாடுபட்டு வளர்ப்பவை. தன்னடக்கத்தால் வாய் திறக்காமல் இருக்கின்றன, அவ்வளவுதான். பல நாடுகள் சேர்ந்தும் ஒரு மரபை முன்மொழியலாம் என்பதால் மூன்றின் சார்பிலும் நானே எழுதிவிடுகிறேன். பிறந்தது இலங்கையின் நெடுந்தீவு, பிழைப்பது சிசிலி. வேறென்ன தகுதி வேண்டும்?

முதலில் நீங்கள் கௌரவித்த கொடியைப் பார்ப்போம். பந்தெல்லேரியா 83 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பாறை. சிசிலியைவிடத் துனீசியாக் கரை அதற்குக் கிட்ட. காற்று ஓயும் நாள் அபூர்வம். அங்கே சிபிப்போ திராட்சையைப் பந்தலில் ஏற்றுவதில்லை. நிலத்தில் சட்டி போலக் குழி வெட்டி, குழிக்குள் கொடியை நட்டு, தலை தூக்கவிடாமல் கத்தரித்துக் கத்தரித்துக் குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். காற்று மேலால் போய்விடும். கிடைக்கிற கொஞ்ச ஈரம் குழியில் தங்கும். பழம் பறிக்கிறவர் நாள் முழுக்க முதுகு நிமிர்வதில்லை. ஆகஸ்டில் பறித்ததை வெயிலில் பரப்பி வற்றவைத்து, பசித்தோ என்னும் இனிப்பு வைன் செய்கிறார்கள். தோடை மரத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை. ஒற்றை மரத்தைச் சுற்றி, சாந்து பூசாமல் அடுக்கிய உயரமான வட்டக் கல்மதில். ஒரு மரத்துக்கு ஒரு வீடு!

அதே காற்று பயணிக்கும் வீசுகிறது. ஆனால் தீவுக்குக் கப்பல் புறப்படும் திராப்பனித் துறைமுகத்தில் எங்களுக்கென்று ஒரு குழியாவது வெட்ட இதுவரை எவரும் முன்வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 238ஆம் இலக்க வைன் சட்டம் இப்படிப்பட்ட மலைச்சரிவு, தீவுத் தோட்டங்களை ‘வீரத் தோட்டங்கள்’ என்கிறது. கொடி வீரன். கொடியைக் கத்தரிக்கக் கப்பல் ஏறப் போகிறவர் வெறும் டிக்கெட் இலக்கம்.

இயற்கை பற்றிய அறிவு என்று உங்கள் உடன்படிக்கையில் ஒரு பிரிவு உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் குளிர்கால மாலையில் திராப்பனிக்கு வாருங்கள். கப்பல் இரவில் புறப்பட்டு விடியும்போது பந்தெல்லேரியாவைத் தொட வேண்டும். தீவுக்காரர் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதில்லை. எதிரே படபடக்கும் கொடித்துணியைப் பார்க்கிறார்கள். மடியில் மருந்துப் பையை வைத்திருக்கும் ஒரு மூதாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “சிரொக்கோ” என்கிறார். பக்கத்திலிருக்கும் கிழவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வாகனத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். பலகையில் ‘இரத்து’ என்று எழுத்து விழ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் காற்றுக்குப் பெயர் சோளகம், வாடை, கச்சான், கொண்டல். நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் சீமெந்து மூட்டைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் குந்தியிருக்கும் பெரியம்மாவும் இதே தேர்ச்சி பெற்றவர்தான். “இண்டைக்கு ஓடாது தம்பி, வீட்ட போ” என்பார். ஓடாது. இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் அவர்களுடைய ஊர்க்காரர் நெடுந்தீவில் பவளக்கல்லையும் பந்தெல்லேரியாவில் எரிமலைக்கல்லையும் சாந்தில்லாமல் அடுக்கி வேலி கட்டுகிறார்கள். அங்கே இறங்கினால் கள்ளு, இங்கே இறங்கினால் வைன். கலாசாரங்களுக்கிடையே உரையாடல் வளரும் என்பதை நிரூபிக்கச் சொல்கிறீர்களே, இதற்கு மேல் என்ன? (எங்கள் குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று நடுக்கடலில் நடந்த படுகொலைக்கு உங்கள் படிவத்தில் இடமில்லை. அதைப் பகடியோடு சேர்க்க எனக்கும் மனமில்லை.)

அடுத்து, தொன்மை. கி.மு. 250இல் இதே பலெர்மோவில் கார்த்தேஜ் படையிடமிருந்து பிடித்த நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை ரோமத் தளபதி மெட்டெல்லுஸ் மெசினா நீரிணைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டியிருந்தது. யானை ஏறத்தக்க கப்பல் எங்கே கிடைக்கும்? பெரிய வைன் சாடிகளை வரிசை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பி மிதவை செய்து கடத்தினார் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். இந்த நாட்டில் கடவையும் வைனும் அன்றைக்கே சம்பந்தம் செய்துகொண்டன. சாடி சேரும்வரை யானைகள் கரையில் எத்தனை நாள் நின்றன என்பதைப் பிளினி எழுதவில்லை. வரலாற்றாசிரியர்கள் கோட்டைவிடுவது எப்போதும் இந்த இடத்தில்தான். அந்நாளில் கப்பலில் யானை ஏற்றி அனுப்பிய ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துத் தீவுக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த மிருகங்கள்மேல் தனி அனுதாபம் உண்டு.

மரபை மீறியவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. கரிபால்டி 1860இல் ஜெனோவாப் பக்கத்தில் இரண்டு நீராவிக் கப்பல்களை இரவோடிரவாக எடுத்துக்கொண்டு, ஆயிரம் பேரோடு மே 11 அன்று மர்சலாவில் வந்து இறங்கினார். அதுவும் சாதாரண இடமா, ஆங்கிலேய வைன் வியாபாரிகளின் கிடங்குகள் நிறைந்த துறைமுகம்! அவர் மட்டும் டிக்கெட் எடுத்துக் கரையில் காத்திருந்தால் இத்தாலி இன்னும் பல துண்டாகவே கிடந்திருக்கும்.

இந்த மரபை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் எனக்கும் நெஞ்சு திக்கென்றது. மெசினா நீரிணைக்கு மேலே 3.3 கிலோமீட்டர் ஒற்றைத் தாவலில் தொங்கு பாலம் கட்ட ரோமில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். செலவு 1,350 கோடி யூரோ. பலெர்மோவுக்கு வரும் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, அக்கரையில் மறுபடி கோர்க்கிற அந்த அற்புதத்தை ஒழித்துக்கட்டும் முயற்சி. நல்லவேளை, அக்டோபர் 29 அன்று கணக்காய்வு நீதிமன்றம் அதைப் பதிவுசெய்ய மறுத்துவிட்டது. இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. பந்தெல்லேரியா, லம்பெதூசா ஓட்டங்களுக்கென்று சிசிலி அரசு இதே பலெர்மோக் கப்பல் தளத்தில் ஒரு புதுக் கப்பலைக் கட்டுவித்திருக்கிறது. காற்றின் நல்லெண்ணத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு என்பதால் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

பாதுகாப்பு நடவடிக்கைகள் என்ற பகுதியில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கடவையை மாதிரியாகக் காட்டுகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டு காத்திருந்த பிறகு, 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் மோடி காணொளி வழியாகக் கொடியசைக்க, செரியபாணி என்ற கப்பல் புறப்பட்டது. அக்டோபர் 20இல் ஓட்டம் நின்றது. மாரி வருகிறதாம். ஐப்பசியில் மாரி வரும் என்பதை இரண்டு அரசுகளும் சேர்ந்து கண்டுபிடித்த அந்தத் தருணத்தை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது? அடுத்த கப்பல், சிவகங்கை, 2024 ஆகஸ்ட் 16 அன்று ஓடியது. நாற்பது ஆண்டுக் காத்திருப்பு, ஒரு வார ஓட்டம், பிறகு பத்து மாதக் காத்திருப்பு. மரபைக் காப்பது என்றால் இப்படிக் காக்க வேண்டும்.

சமூகத்தின் சம்மதக் கடிதமும் இணைக்க வேண்டும் என்கிறீர்கள். பலெர்மோத் தமிழர் ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்தே பெல்லகிரினோ மலை ஏறி, சைவரும் வேதக்காரரும் ஒன்றாக நின்று புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம். அமைச்சுகளிடம் கேட்டு அலுத்ததையெல்லாம் அங்கேதான் ஒப்படைக்கிறோம். அவர் கையொப்பம் போடமாட்டார். கேட்டதை மறுத்ததும் இல்லை. சம்மதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காணொளி மட்டும்தான் சிக்கல். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உங்கள் விதி. பத்து நிமிடத்தில் நாங்கள் பெட்டியை இறக்கிவைத்து இருக்கை பிடிப்பதுகூட முடிவதில்லை. விதியைத் தளர்த்த முடியாதென்றால் மதிப்பீட்டாளர்களை நேரில் அனுப்புங்கள். ஜனவரி உகந்த மாதம். பாரிசுக்குத் திரும்பும் விமான டிக்கெட்டில் தேதியை மட்டும் போடாதீர்கள். அறிக்கை எழுத நேரம் கிடைக்குமா என்று அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. திராப்பனி இறங்குதுறையில் உட்கார்ந்தே மூன்று மொழிகளில் எழுதி, பிழை திருத்தி, அடுத்த ஆண்டு அறிக்கையையும் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கப்பலுக்கு நிற்கும்
ஒரு நெடுந்தீவான், பலெர்மோ