பணிவான கொள்ளைக்காரர்கள்

ஏற்காட்டின் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பஜ்ஜி தின்று வளர்ந்தவனுக்கு விலங்குகளிடம் பயம் கிடையாது. ஜாக்கிரதை மட்டும் உண்டு. காப்பித் தோட்டத்து வழியில் காட்டுமாடு நின்றால், அதற்கு வேலை முடியும்வரை நமக்கு வேலை இல்லை. குரங்கைக் கண்டால் பொட்டலம் தானாகச் சட்டைக்குள் போய்விடும். அதனால் ஒசாகாவில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, நாராவுக்குப் போகலாம். அங்கே மானெல்லாம் தலை குனிஞ்சு வணக்கம் சொல்லும்" என்றதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. தேர்தல் சமயத்தில் பார்க்கிறோமே.

நாரா 710இல் ஜப்பானின் தலைநகரமானது. 784இல் அரசு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. மான்கள் கிளம்பவில்லை. இன்று ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான்மேல் வந்து இறங்கியது என்பது ஐதீகம். அதனால் ஊரில் திரிகிற மானெல்லாம் தேவதூதர்கள். ஒரு காலத்தில் மானைக் கொன்றவனுக்கு மரண தண்டனை. நாராக்காரர்கள் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள் என்றும், அதற்குக் காரணம் இதுதான் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள்: வாசலில் மான் செத்துக் கிடந்தால், ஊர் விழிக்குமுன் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரரும் ஊர் விழிக்குமுன் எழுந்திருந்தால் அது அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் தெருவில் குப்பை பயணம் செய்வதும் இப்படித்தான்.

அங்கே மான் பிஸ்கட் என்று ஒன்று விற்கிறார்கள். அரிசித் தவிடும் மாவும் கலந்தது, கட்டாகக் கிடைக்கும். கட்டைச் சுற்றிய காகிதப் பட்டையில் வரும் வருமானம் மான்களின் பராமரிப்புக்குப் போகிறது. கடையை ஒட்டியே நிற்கிற மான், அடுக்கி வைத்த பிஸ்கட்டைத் தொடாது. காசு கைமாறியதும்தான் நம்மிடம் வரும். எங்கள் குரங்குகள் கடைக்காரர், வாடிக்கையாளர் என்றெல்லாம் பேதம் பார்ப்பதில்லை.

என் மனைவி கட்டைப் பிரித்தாள். எதிரே நின்ற மான் குனிந்தது. இவளும் பக்தியோடு குனிந்தாள். மறுபடி அது குனிய, இவளும் குனிய, பின்னால் வந்த இன்னொன்று முந்தானையைப் பிடித்துவிட்டது.

"என்னங்க, இது கும்பிட்டுக்கிட்டே கடிக்குதுங்க!"

கடிக்கும், உதைக்கும், முட்டும், கீழே தள்ளும் என்று படம் போட்டே பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழேதான் இது நடந்தது. என் கையிலிருந்த ஊர் வரைபடத்தின் தென்பாதியும் போயிற்று. மகள் மட்டும் பதறாமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். இருப்பு இல்லை என்று அர்த்தமாம். மான்கள் அதை நம்பி அடுத்தவரிடம் போய்விட்டன. நான் அசந்துபோனது அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

அடுத்துப் போன தோடாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752இல் அவருக்குக் கண் திறந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீளக் கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியத்தில் பங்கு கிடைக்க. 736இல் ஜப்பானுக்குப் போனவர் திரும்பவில்லை, அங்கேயே காலமானார். நம்மவர் ஒருவர் கண் திறந்த புத்தர் என்று தெரிந்ததும், கடிபட்ட முந்தானையை என் மனைவி மன்னித்துவிட்டாள்.

மே மாதம் மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஜப்பானியப் பையனை ஏற்காட்டுக்கு அழைத்து வந்தாள். சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். கூரை தாழ்வு, இங்கே குனிய வேண்டியது நாம்தான். பையன் அதை அழகாகச் செய்தான். வெளியே வந்ததும் குரங்கு ஒன்று வழிமறித்தது. அவன் நாரா வழக்கப்படி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். குரங்கு இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டது.

கடைக்கார அம்மா கடலைப் பொட்டலம் ஒன்றை வீசினார். கண்ணாடி கீழே விழுந்தது. பையன் அம்மாவுக்கும் குரங்குக்கும் தனித்தனியாகக் குனிந்து நன்றி சொன்னான். நான் பொட்டலத்துக்குப் பணம் கொடுத்தேன்.

"இன்னொண்ணு வாங்கி வச்சுக்குங்க சார்," என்றார் அந்த அம்மா, "இன்னும் கார் வரைக்கும் போகணுமில்ல?"