174-க்கு அடியார்

தியாகதுருகம் கடைவீதியில் ஒருவர் டீ கிளாஸும் கையுமாக நின்று, காலை ஒரு வேகத்திலும் தலையை வேறு வேகத்திலும் ஆட்டிக்கொண்டிருந்தால், பதறிப்போய் சோடா உடைக்க வேண்டாம். அவர் டிரம் அண்ட் பேஸ் இசைக்குள் புதிதாகக் குதித்தவர்.

படிப்பு சென்னை, சம்பளம் பெங்களூர், வீட்டிலிருந்தே வேலை என்பதால் வாசம் தியாகதுருகம். போன மாதம் வரை இளையராஜாவோடு ஒழுங்காகத் தூங்கியவர்தான். யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் தடம் மாறிவிட்டார்.

இந்த இனத்தை எண்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். டிரம் அண்ட் பேஸ் நிமிடத்துக்குச் சுமார் 174 அடி ஓடும் என்று தெரிந்த நாள்முதல் அவருக்கு உலகமே நிமிடக் கணக்கு. உளுந்தூர்பேட்டை பஸ்ஸின் இன்ஜின், பக்கத்து வீட்டு கிரைண்டர், ஆயாவின் குறட்டை, எல்லாவற்றையும் செல்போன் செயலியில் அளந்தாகிவிட்டது.

“174-க்குத் தலையாட்டினா கழுத்து சுளுக்கிக்குமேடா?”

“பாதி வேகத்துல, 87-க்கு ஆடலாம் சித்தப்பா. அதான் இதுல அழகே!”

சொல்வதில் தப்பில்லை. மேலே தலைதெறிக்க ஓடும் தாளம், கீழே அதில் பாதி வேகத்தில் அசைந்து வரும் பேஸ். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த இசை. சிக்கல் என்னவென்றால், கீழே வருவது செல்போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. வீட்டாருக்குக் கிடைப்பது மேல்பாதி மட்டும். “எவனோ கதவ இடிக்கிறான், போய்ப் பாருடா” என்பதுதான் ஆயாவின் இசை விமர்சனம்.

பேஸைத் தேடி மைக் செட் கடைக்குப் போவார்.

“எத்தன பாக்ஸ் வேணும் தம்பி? என்ன விசேஷம், காதுகுத்தா?”

“விசேஷமெல்லாம் இல்லண்ணே. கேக்கறதுக்கு.”

“எல்லாரும் கேக்கறதுக்குத்தான் எடுக்கறாங்க. என்ன விசேஷம்?”

அடுத்து உட்பிரிவு ஆராய்ச்சி. லிக்விட், ஜங்கிள், ஜம்ப் அப், நியூரோஃபங்க் என்று பாட்டு கேட்பதற்கு முன்பே பெயர்கள் மனப்பாடம். டீக்கடையில் நின்று, “எனக்கு ஜங்கிள்தான் பிடிக்கும்” என்று பெருமூச்சு விடுவார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தாமலே வழி சொல்வார்: “கச்சிராயபாளையம் தாண்டுனா ஜங்கிள்தான் தம்பி. கள்ளக்குறிச்சி போய் பஸ் மாறணும்.”

1999-இல் தபலாக் கலைஞர் தல்வின் சிங் இங்கிலாந்தின் மெர்குரி பரிசு வாங்கியதைத் தன் மச்சான் வாங்கியதுபோலச் சொல்வார். பாடகி மாயா அருள்பிரகாசம் 2007-இல் ‘கலா’ இசைத்தொகுப்பில் உறுமியை உறும விட்டதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். “அப்ப அதுவும் டிரம் அண்ட் பேஸா?” என்று கேட்டுவிட்டாலோ, “சேச்சே, அது வேற” என்று முகம் சுளிப்பார். கட்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் எல்லைக்காவல்.

ஒரு சாயங்காலம் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு மலைக்கோட்டைக்கு ஏறினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படை என மாறி மாறி அடித்துக்கொண்ட கோட்டை அது. பீரங்கிக்கே அசையாத பாறை, இவர் ஸ்பீக்கருக்கா அசையும்? மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மட்டும் இடம் மாறின.

ஆடி வந்தது. அம்மன் கோயில் வாசலில் பம்பைக்காரர் இளைப்பாற உட்கார்ந்தபோது, நம்மவர் பக்கத்தில் போய்க் குந்தி ஒரு கதை சொன்னார். 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டது. அதன் நடுவே கிரிகரி கோல்மன் என்பவர் சுமார் ஏழு விநாடி தனியாக டிரம்ஸ் அடித்தார். அந்தத் துண்டை வெட்டி, வேகம் கூட்டி, முன்பின்னாக மாற்றிக் கோத்துதான் 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் ஜங்கிளை வளர்த்தார்கள். அதிலிருந்து வந்தது டிரம் அண்ட் பேஸ். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த அடி ஒலித்தது. அடித்தவருக்குக் காலணா வரவில்லை. 2006-இல் வறுமையில் செத்துப்போனார்.

பெரியவர் டீயை உறிஞ்சி முடித்தார். “ஏழு செகண்டா? நாங்க ராத்திரி ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் அடிக்கிறோம் தம்பி. காசு விஷயத்துல மட்டும் அங்கயும் இங்கயும் ஒரே தாளம்தான் போலிருக்கு.”

சொல்லிவிட்டு எழுந்து பம்பையை இடுப்பில் கட்டினார். நம்மவர் வழக்கம்போல் செயலியை நீட்டினார். 120 காட்டியது, 140 காட்டியது, பிறகு எந்த எண்ணிலும் நிற்காமல் திணறியது. பம்பைக்காரர் சாமியாடுபவரின் முகத்தைப் பார்த்து வேகத்தை ஏற்றுகிறார், இறக்குகிறார். செயலிக்கு அந்த முகம் எப்படித் தெரியும்? நம்மவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். கால் தானாக ஆடியது. எவ்வளவு வேகம் என்று அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இசைக்குள் நுழைந்துவிட்டதாக ஒரு மாதம் பறைசாற்றிக்கொண்டிருந்தவர், உண்மையில் நுழைந்தது அந்த ராத்திரிதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். கோல்டியின் ‘டைம்லெஸ்’ (1995), ரோனி சைஸ் குழுவின் ‘நியூ ஃபார்ம்ஸ்’ (1997) ஆகிய இசைத்தொகுப்புகள் இரண்டையும் நல்ல ஸ்பீக்கரில் கேட்கச் சொல்லுங்கள். ஆடி மாதம் பம்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். போனை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.