டீலர் மீட்டுக்கு நாள் குறித்தல்: ஓர் ஆராய்ச்சி

வர்த்தக மாநாட்டுக்கு எத்தனை மாதம் முன்பே ஏற்பாடு தொடங்க வேண்டும்? ஆறு மாதம் என்பர் மேலாண்மை நூலோர். ஓராண்டு என்பாரும் உளர். இரு சாராரும் பஞ்சாங்கம் பாராதவர் ஆதலின் அவர் கூற்று சென்னைக்குப் பொருந்தாது என்க.

என்னையெனின், இங்கே ஐந்நூறு பேர் உட்காரும் ஏசி ஹாலுக்குக் கம்பெனிக்காரரோடு மல்லுக்கு நிற்பவர் இன்னொரு கம்பெனிக்காரர் அல்லர், பெண்ணைப் பெற்றவர். தை, ஆவணி முதலிய முகூர்த்த மாதங்களில் அவர் முந்திக்கொள்வார். அம்மாதங்களில் மாநாடு கூட்ட விரும்புவோர் ஓராண்டு முன்னரே அட்வான்ஸ் கட்டுதல் நலம். ஆடியிலோ போன வாரம் யோசித்ததை இந்த வாரம் நடத்திவிடலாம். மண்டப மேனேஜரே போன் போட்டு, வாடகையில் எவ்வளவு குறைக்கட்டும் என்று கேட்பார்.

‘ஆயின் ஆடியிலேயே நடத்துக’ எனின், அற்றன்று. ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஜவுளி டீலர் கல்லாவை விட்டு நகரார். மார்கழியில் வருவார்; ஆனால் மதியத்துக்கு மேல் அவரைச் சபா கேன்டீனில்தான் தேட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. எஞ்சுவது புரட்டாசி. கல்யாணம் குறைவு, ஹால் உண்டு, வெயிலும் தணிந்திருக்கும். குறை ஒன்றே: பாதிப் பேர் பிரியாணி தொடமாட்டார்கள். விற்பனை இலக்கைப் பதினைந்து சதவீதம் உயர்த்தும் அறிவிப்பைச் சாம்பார் சாதத்தோடு விழுங்கவைத்த நிர்வாக இயக்குநரை யாம் இதுவரை கண்டிலம்.

பஞ்சாங்கத் தொல்லை இல்லாதோர் பிழைத்தனரோ எனின், அதுவும் இல்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் டாவோஸில் கூடும் உலகப் பொருளாதார மன்றம், கொரோனாவால் 2021-ஆம் ஆண்டுக் கூட்டத்தை மே மாதத்துக்கும் லூசெர்னுக்கும் மாற்றியது. பிறகு சிங்கப்பூர் என்றது. அப்புறம் ஆகஸ்ட் என்றது. கடைசியில் ரத்து செய்தது. உலகப் பொருளாதாரத்தின் போக்கைக் கணிக்கக் கூடுவோர் அவர்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மற்றொன்று. ஓராண்டு திட்டமிட்டாலும் ஒரு வாரம் திட்டமிட்டாலும் சிறப்பு விருந்தினர் வருவது முதல்நாள் மாலைதான் உறுதியாகும். ஆகவே பிளெக்ஸ் கடைக்காரர் எவ்வாறாயினும் அன்றிரவு தூங்கார். விருந்தினர் பெயரில் ஒரு கொம்பும் விட்டுப்போகும். எத்தனை மாதம் முன்பு வாங்கி வைத்தாலும் மேடையில் ஒரு சால்வை மட்டும் ஏன் குறைகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.