பாஸ் கேட்ட வாசல்

தம்பி, அந்த வள்ளத்து விளிம்பில இருக்காதை. பெயின்ற் இன்னும் காயேல்லை. கொழும்புக் காற்சட்டையில ஒட்டினால் கொம்மா என்னைத்தான் ஏசுவா. இந்தா, பிளேன்டீ.

என்ன சொன்னனி? நாடு வளர்ந்து சனத்துக்கு வயிறு நிறைஞ்சால் சனநாயகம் தானாய் வந்திடுமோ? லிப்செற் எண்ட அமெரிக்கக்காரர் 1959இலேயே அப்பிடி எழுதினவரோ? கெட்டிக்காரர். உனக்குப் பட்டமும் வாங்கித் தந்திட்டார்.

எங்கட சனத்துக்கு வாக்கு வந்தது 1931இல. வெள்ளைக்காரன் ஆண்ட காலம், உலகச் சந்தை விழுந்து கிடந்த நேரம். என்ர கொப்பாட்டருக்கு அப்ப ஒரு கோவணமும் அரைப்பங்கு கரைவலையும்தான் சொத்து. அந்தக் கோவணத்தோடதான் மனுசன் வாக்குப் போட்டார்.

பிறகு 1977இல ஜே.ஆர். ஆட்சிக்கு வந்து கடையைத் திறந்தார். நாட்டைச் சிங்கப்பூர் ஆக்கப்போறனெண்டார். பாண் வரிசை போச்சு, வெளிநாட்டுச் சாமான் குவிஞ்சுது. சீனன்குடாவில சிங்கப்பூர்க்காரன்ர பிரிமா ஆலை 1980இல மா அரைக்கத் தொடங்கினது. அதே கையால 1978இல நிறைவேற்றுச் சனாதிபதிக் கதிரையையும் செய்து தானே ஏறி இருந்தார். அடுத்த வருசம் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1980இல சம்பளம் கூட்டக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு வேலை போச்சு. 1982 மார்கழியில, பாராளுமன்றத்தைத் தேர்தலில்லாமல் நீட்ட லாம்போ குடமோ எண்டு சனத்திட்டைக் கேட்டார். லாம்பு வெண்டுது. ஆறு வருசத்துக்கெண்டு தெரிஞ்ச பாராளுமன்றம் 1988 மார்கழி வரைக்கும் ஓடினது. ஒரு டிக்கெற்றில ரெண்டு படம்! லாம்பு கொளுத்தியும் ஏன் இவ்வளவு இருட்டெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. உன்ர புத்தகத்தில கிடந்தால் சொல்லு.

சண்டை முடிஞ்சு 2010இல எட்டு வீதம் வளர்ந்தம். அந்த வருசம்தான் 18ஆம் திருத்தம் வந்தது, ஒருவர் எத்தினை தரமும் சனாதிபதியாய் வரலாமெண்டு. 2012இல ஒன்பது வீதம் எண்டாங்கள். அந்த வருசம் சம்பூர்க் காணி கனரகக் கைத்தொழில் வலயமாச்சு. 2006இல சண்டைக்குப் பயந்து அங்கயிருந்து ஓடின சனம் முகாமில இருந்து அதைக் கேட்டுது. தங்கட கிணறும் மாமரமும் வளர்ச்சியாய்ப் போச்செண்டு அதுகள் சந்தோசப்பட்டிருக்க வேணும், என்ன? 2015இல ஆட்சி மாறினாப்பிறகுதான் 818 ஏக்கர் திரும்பினது.

கொரியா, தைவான் எண்டு வாயைத் திறக்கிறாய், தெரியுது. 1987இல ரெண்டிலயும் சனநாயகத்துக்கு வழி திறந்தது, ஒத்துக்கொள்ளுறன். காசு வந்தால் பிள்ளையள் படிக்குங்கள், படிச்சதுகள் கேள்வி கேட்குங்கள். ஆனால் சியோல் தெருவில கண்ணீர்ப்புகை குடிச்சது பெடியள், மொத்த உற்பத்தியில்லை. அதைவிடப் பணக்காரச் சிங்கப்பூரில 1959இல ஆட்சிக்கு வந்த கட்சிதான் இண்டைக்கும்.

2022இல எங்கட பொருளாதாரம் ஏழு வீதத்துக்கு மேல சுருங்கினது. வளர்ச்சி அசைக்காத கதிரையைப் பெற்றோல் வரிசை அசைச்சுது. சனாதிபதி மாலைதீவால சிங்கப்பூர் போய் அங்கயிருந்து விலகினார். ஜே.ஆர். கொண்டுவரேலாத சிங்கப்பூருக்கு நாங்கள் ஆளையே அனுப்பிப்போட்டம். ஐப்பசியில 21ஆம் திருத்தம் வந்து அதிகாரத்தைக் கொஞ்சம் வெட்டினது.

அதுக்கு முன்னம், வைகாசி 10, பதவி விலகின பிரதமரை, அந்தச் சனாதிபதியின்ர தமையனை, இஞ்ச, எங்கட திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குத்தான் கொண்டுவந்து வைச்சிருந்தவை. சண்டைக் காலத்தில இந்தக் கரையில கடலுக்கு இறங்கப் பாஸ் வேணும், தம்பி. விடியக்காலமை ஈர வலையோட வரிசையில நிண்டு, நனையாமல் பொலித்தீனில சுத்தின அட்டையை நீட்ட வேணும்.

நீ கொழும்பில பெரிய ஆக்களோட பழகிறனி. அவரிட்டப் பாஸ் கேட்டவையோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு.